ஒரே செயலியை இரண்டு தரம் எழுதிய காலம்

கொஞ்சம் நீண்ட பதிவு. கொம்பியூட்டர் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை குருவிட்ட பஸ் நிலையத்தில் என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். இரண்டு வருடம் ராப்பகலாக அன்ட்ரொய்ட் செயலி எழுதப் பழகியவன். "சேர், வேலைக்குப் போனா ஃபிளட்டர் தெரியுமான்னு கேக்கிறாங்க. நான் படிச்சதெல்லாம் வீணா?" என்றான். அதற்குள் அவனுடைய பஸ் வந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

பாடசாலை அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுகிறோம். கூட்டத் திகதி மாறினால் இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒரு தடவை நான் தமிழில் மட்டும் மாற்றிவிட்டேன். பெற்றோர் பாதிப்பேர் ஒரு நாளும் மீதிப்பேர் இன்னொரு நாளும் வந்து நின்றார்கள்.

செயலி எழுதுவோரின் பாடும் இதுதான். 2007இல் ஐபோன் வந்தது. 2008இல் முதல் அன்ட்ரொய்ட் போன் வந்தது. ஐபோனுக்கு ஒப்ஜெக்டிவ்-சி மொழி, அன்ட்ரொய்டுக்கு ஜாவா. ஒரே செயலியை இரண்டு தரம் எழுத வேண்டும், ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு தரம் செய்ய வேண்டும். அந்தந்தப் போனுக்கென்றே எழுதும் இந்த முறைக்கு 'நேட்டிவ்' என்று பெயர்.

ஒரு தரம் எழுதி எல்லா இடத்திலும் ஓட்டும் ஆசை புதிதல்ல. 1995இல் சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டபோது கொடுத்த வாக்குறுதியே அதுதான்.

நீங்கள் இதை வாசிக்கும் பேஸ்புக்கும் அந்த ஆசையில் சூடுபட்டது. இணையப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல்5 முறையை நம்பித் தன் போன் செயலியை அமைத்தது. செயலி ஆமை வேகத்தில் போனது. 2012இல் ஐபோன் செயலியை நேட்டிவாகத் திரும்ப எழுதினார்கள். அந்த நம்பிக்கை பெரிய தவறு என்று சக்கர்பெர்க் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆனால் ஆசை விடவில்லை. 2015இல் அதே நிறுவனம் 'ரியாக்ட் நேட்டிவ்' கருவியை வெளியிட்டது. எழுதுவது ஒரு மொழியில், திரையில் தோன்றும் பொத்தான்கள் அந்தந்தப் போனுடையவை.

கூகுள் வேறு வழியில் போனது. 2018 டிசம்பரில் வந்த ஃபிளட்டரின் முதல் முழுப் பதிப்பு, போனின் பொத்தான்களைக் கடன் வாங்காமல் திரை முழுவதையும் தானே வரைகிறது. அப்படியானால் தமிழ் எழுத்தையும் அதுவேதான் சரியாக அடுக்க வேண்டும். 'கொ' என்றால் ககரத்துக்கு முன்னும் பின்னும் குறி வர வேண்டுமே! அதற்காக ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரலைத் தனக்குள் வைத்திருக்கிறது.

இனி மாணவனின் கேள்விக்கு வருகிறேன். எயார்பிஎன்பி நிறுவனம் ரியாக்ட் நேட்டிவைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, 2018இல் நேட்டிவுக்கே திரும்புவதாக அறிவித்தது. இரண்டு போன்களின் வேலை ஒன்றாகக் குறையும் என்று பார்த்தால், பராமரிக்க மூன்று தளங்கள் வந்து சேர்ந்தன. பொதுக்கருவி எட்டாத இடங்களில் நேட்டிவ் தெரிந்தவர்கள்தான் தேவைப்பட்டார்கள்.

நம் மொழியிலும் உதாரணம் உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமானது. பிறகு ஐபோனுக்கும் அன்ட்ரொய்டுக்கும் தனித்தனியே வந்தது. விசைப்பலகை போனின் அடிவேரோடு பேச வேண்டிய பொருள். அங்கே இன்றும் நேட்டிவ் அறிவு இல்லாமல் சரிவராது.

ஆகவே மகன், நீ படித்தது வீண் இல்லை. அது அத்திவாரம். அதன் மேல் ஃபிளட்டரையும் கற்றுக்கொள். இரண்டு குழு வைக்கக் காசில்லாத நம் ஊர்ப் பிள்ளை, தனி ஆளாக இருந்து இரண்டு வகைப் போனுக்கும் செயலி கொடுக்க இன்று வழி இருக்கிறது. ஆனால் ஃபிளட்டர் கைவிடும் நாளில் உள்ளே இறங்கித் திருத்தத் தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு.

கருவிகள் இன்னும் மாறும். பெற்றோர்களே, "எந்தக் கோர்ஸ் நல்லது?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைக்கு விளங்குகிறதா என்றும் கேளுங்கள்.

அந்த மாணவன் இதைக் காண்பான், இன்ஷா அல்லாஹ். இந்தத் துறையில் இருக்கும் நம்மூர் சகோதரர்கள் கீழே அவனுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.