தொழுநோயைக் கண்டறிதலும் குடும்பத்தினரின் எதிர்ப்பாற்றலும்

வீட்டில் ஒருவருக்குத் தொழுநோய் உறுதிசெய்யப்பட்டதும் ஏனையோர் மனதில் எழும் முதற் கேள்வி, தமக்கும் அது தொற்றியிருக்குமோ என்பதாகும். இந்த அச்சமே நோயை மறைப்பதற்கும் பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அனுப்பத் தயங்குவதற்கும் காரணமாகின்றது. தேசிய மட்டத்தில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையை எமது நாடு 1995 ஆம் ஆண்டிலேயே கடந்துவிட்டது. எனினும், ஆண்டுதோறும் புதிய நோயாளர்கள் இனங்காணப்பட்டே வருகின்றனர். அவர்களுள் சிறுவர்களும் அடங்குவர்.

நோர்வே வைத்தியர் ஹன்சன் 1873 இல் கண்டறிந்த இந்நோய்க்கிருமி மிக மெதுவாகவே பெருகும். நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகளும், சிலரில் இருபது ஆண்டுகள் வரையும் செல்லலாம். பெரும்பாலானோரின் உடல் கிருமியை இயல்பாகவே வென்றுவிடுகின்றது. எதிர்ப்பாற்றல் ஓரளவு இருப்பவரில் சில தழும்புகளே தோன்றும். அது குன்றியவரில் கிருமி பெருகி உடலெங்கும் பரவும். ஒரே கூரையின்கீழ் வாழும் சகோதரர்களுள் ஒருவர் நோயுற, மற்றவர் சுகதேகியாக இருப்பது இதனாலேயாகும்.

குடும்பத்தினரின் இரத்தத்தில் இக்கிருமிக்கெதிரான பிறபொருளெதிரிகள் காணப்படலாம். அது கிருமியுடன் தொடர்பு ஏற்பட்டமைக்கான அடையாளமேயன்றி நோய்க்கான சான்றன்று. மறுபுறம், ஓரிரு தழும்புகளே உள்ள நோயாளரின் இரத்தத்தில் அவை காணப்படாமலும் போகலாம். தோலில் ஊசி மூலம் செய்யப்படும் லெப்ரோமின் சோதனையும் எதிர்ப்பாற்றலையே அளவிடுகின்றது, நோயை உறுதிசெய்வதில்லை. ஆகவே, இரத்தப் பரிசோதனையை மாத்திரம் நம்பி நிம்மதியடைவதும் கலங்குவதும் தவறாகும்.

உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த தழும்பு, உணர்விழப்புடனோ தசைப் பலவீனத்துடனோ கூடிய நரம்புத் தடிப்பு, தோற் கீறலில் கிருமி காணப்படல் ஆகிய மூன்றில் ஒன்றே நோயை உறுதிசெய்யப் போதுமானது. இத்தழும்புகள் பொதுவாக வலிப்பதுமில்லை, அரிப்பதுமில்லை. எனவேதான் அவை அலட்சியம் செய்யப்படுகின்றன.

நோயாளரின் வீட்டார் அனைவரும் உடனடியாகவும், பின்னர் சில ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாகவும் பரிசோதிக்கப்படல் வேண்டும். நோய் இல்லையென உறுதியானோருக்கு ஒரு தடவை ரிபாம்பிசின் மருந்து வழங்குவதை உலக சுகாதார ஸ்தாபனம் 2018 இல் பரிந்துரைத்தது. நோயாளருக்கு ஆறு அல்லது பன்னிரண்டு மாத சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது. சிகிச்சை ஆரம்பித்துச் சிறிது காலத்திலேயே தொற்றும் தன்மை நீங்கிவிடும்.

நோயாளரை மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் ஒதுக்கிவைத்த காலம் மாறிவிட்டது. இன்று அவர் வீட்டிலேயே குணமடையலாம். ஆயினும், சிதைந்த நரம்பை மருந்தால் முழுமையாக மீட்க முடியாது. வெட்கத்தால் மறைக்கப்படும் ஒரு தழும்பு, நாளை ஒரு பிள்ளையின் விரல்களை முடக்கக்கூடும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் உணர வேண்டும்.