குடல் குவியலுக்கும் ஒரு வரலாறு இருக்கு

வேட்டைக் கதை சொல்றவங்க எல்லாரும் குண்டு பாய்ற இடத்துலயே கதையை முடிச்சிடுவாங்க. மான் விழுந்தது, போட்டோ எடுத்தாச்சு, சுபம். இன்னைக்கு எபிசோட் அதுக்கு அடுத்த அரைமணி நேரத்தைப் பற்றியது. அந்த அரைமணி நேரத்தில் காட்டில் விட்டுட்டு வர்ற ஒரு பொருள் அமெரிக்காவில் சட்டங்களை மாற்றியிருக்கு, ஒரு பறவை இனத்தைக் கிட்டத்தட்ட அழித்திருக்கு.

முதல்ல அடிப்படை. இறந்த மானின் உடல் சூடு தணியலைன்னா கறி கெட ஆரம்பிச்சிடும். வயிற்றில் அரைகுறையா செரிச்ச புல்லும் கோடிக்கணக்கான பாக்டீரியாவும் வேற இருக்கு. அதனால வேட்டைக்காரர் அந்த இடத்திலேயே வயிற்றைக் கிழித்து குடல், இரைப்பை, நுரையீரல் எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டு, உடலை மட்டும் இழுத்துட்டு வருவார். மிச்சம் அங்கேயே கிடக்கும். அதுதான் குடல் குவியல்.

அதை யார் சுத்தம் பண்றது? நம்ம ஐடி ஆட்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, காட்டில் ஒரு கார்பேஜ் கலெக்டர் எப்பவும் பின்னணியில் ஓடிக்கிட்டே இருக்கு. காக்கை, பருந்து, பிணந்தின்னிக் கழுகு, கயோட்டி நரி, கரடி. சில நாட்களில் அந்த இடத்தில் ஒண்ணும் மிஞ்சாது. "இயற்கை பார்த்துக்கும்" என்று வேட்டைக்காரர்கள் சொன்னது சோம்பேறித்தனம் இல்லை. ரொம்ப காலம் அது உண்மையாகவே இருந்தது.

அந்தப் பந்தியில் பிற்பாடு வந்து உட்கார்ந்த ஒரு விருந்தாளி இருக்கார். பன்றி.

அமெரிக்கக் கண்டங்களில் இன்றைய பன்றி இனம் இயற்கையாகக் கிடையாது. 1539-இல் எர்னாண்டோ தெ சோத்தோ என்ற ஸ்பானியப் படைத்தலைவர் ஃபுளோரிடாவில் இறங்கியபோது, படைக்கு உணவாகப் பன்றிகளையும் ஓட்டிட்டு வந்தார். 1542-இல் அவர் இறந்தபிறகு உடைமைகளை ஏலம் விட்டார்கள். அதில் 700 பன்றிகள் இருந்ததாக உடன் போனவர் ஒருவரின் பதிவு சொல்லுது. மூணே வருஷத்தில் பன்றிகள் எவ்வளவு பெருகியிருக்குன்னு பாருங்க. பின்னால வந்த குடியேறிகளும் பன்றிகளைக் காட்டில் அவிழ்த்துவிட்டு மேய்த்தார்கள். தப்பியவை காடேறிவிட்டன.

அடுத்த கட்டம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு. 1912-இல் ஜார்ஜ் கார்டன் மூர் என்ற தொழிலதிபர், வட கரோலினாவின் ஹூப்பர் பால்ட் மலையில் வேலி போட்டு, ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து விட்டார். நண்பர்கள் வந்து வேட்டையாடணும், அவ்வளவுதான் நோக்கம். வேலி நிக்கல, பன்றிகள் வெளியே போயாச்சு. 1920-களில் அதே மூர் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். கார்மல் பள்ளத்தாக்கில் இருந்த தன் பண்ணைக்கும் அந்தப் பன்றிகளில் சிலதைக் கொண்டுபோனார். ஏற்கெனவே காடேறியிருந்த நாட்டுப்பன்றிகளோடு அவை கலந்தன. இன்னைக்கு அமெரிக்காவில் குறைந்தது 35 மாநிலங்களில், 60 லட்சத்துக்கு மேல் இப்படிப்பட்ட பன்றிகள் இருப்பதாக அந்நாட்டு வேளாண் துறை மதிப்பிடுது. கிழங்கு, பயிர், முட்டை, மான்குட்டி, செத்த உடல் என்று எதையும் விடாத வாய்.

கார்மல் பள்ளத்தாக்கு இருக்கும் அதே மலைப்பகுதிதான் கலிஃபோர்னியா காண்டார் என்ற கழுகின் வீடு. இறக்கையை விரித்தால் ஒன்பது அடிக்கு மேல். உயிரோடு இருப்பதை இது கொல்லாது, செத்ததை மட்டும்தான் தின்னும். பொதுவா இரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. 1982-இல் உலகத்திலேயே 22 காண்டார்தான் மிச்சம். 1987-இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, மொத்தம் 27 பறவைகளைக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். 1992-இல் மறுபடி காட்டில் விட ஆரம்பித்தார்கள்.

விட்ட பறவைகளும் செத்துக்கொண்டே இருந்தன. முக்கியக் காரணம் ஈயம். ஈயக் குண்டு மானின் உடலுக்குள் போகும்போது தூள்தூளாகச் சிதறும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், வேட்டைக்காரர்கள் விட்டுச் சென்ற 20 குடல் குவியல்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். 90 சதவீதக் குவியல்களில் குண்டுத் துகள்கள். ஐந்து குவியல்களில் ஒவ்வொன்றிலும் 200-க்கு மேல். காண்டாரின் வயிற்று அமிலம் அந்தத் துகளைக் கரைத்து ரத்தத்தில் சேர்க்கும். ஒரே ஒரு சாப்பாடு போதும்.

இங்கேதான் பன்றி இன்னொரு வேலை செய்யுது. மான் வேட்டைக்கு ஒரு சீசன் உண்டு. கலிஃபோர்னியாவில் பன்றி வேட்டை வருஷம் முழுக்க அனுமதி. அப்போ ஈயம் கலந்த குடல் குவியலும் வருஷம் முழுக்க.

சரி, என்ன செய்யலாம்? குவியலையே எடுத்துட்டா? அரிஸோனாவில் சட்டத் தடை போடாமல் இதை முயற்சி செய்தார்கள். ஈயமில்லாத குண்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். ஈயக் குண்டுதான் பயன்படுத்துவேன் என்றால், குடலை மூட்டை கட்டிக் கொண்டுவந்து ஒப்படைங்க, குலுக்கலில் பரிசு உண்டு என்றார்கள். கலிஃபோர்னியா வேறு வழியில் போனது. 2007-இல் காண்டார் வாழும் பகுதிகளில் வேட்டைக்கு ஈயக் குண்டைத் தடை செய்யும் சட்டம். 2013-இல் மாநிலம் முழுக்க. முழுமையாக அமலுக்கு வந்தது 2019 ஜூலை 1. அந்தச் சட்டப்படி செம்புக் குண்டுக்கு மாறிட்டா, குவியல் அங்கேயே கிடக்கலாம். ஏன்னா காண்டாருக்கு அது சாப்பாடு. விஷத்தை நிறுத்து, பந்தியை நிறுத்தாதே.

எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்வு இது. கதை இங்கேயே முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

1967-இல் கொலராடோவில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் அடைத்து வைத்திருந்த மான்கள், எலும்பும் தோலுமா இளைச்சு சாக ஆரம்பித்தன. அந்த மெலிவு நோய்க்குக் காரணம் வைரஸ் இல்லை, பாக்டீரியா இல்லை. பிரியான் என்ற, தப்பாக மடிந்த புரதம். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. மண்ணில் பல வருஷம் வீரியத்தோடு இருக்கும். நோய் பரவிய மாநிலங்கள் வேட்டைக்காரர்களிடம் சொல்வது கலிஃபோர்னியா சொன்னதற்கு நேர் எதிர்: மிச்சத்தைத் தூரமாக எடுத்துப் போகாதே, முடிந்தால் பையில் கட்டி முறையான குப்பைக் கிடங்கில் போடு, குறிப்பா மூளையையும் முதுகுத்தண்டையும்.

ஆழமில்லாம புதைச்சா? பன்றி மோந்து தோண்டிடும். 2017-இல் வெளியான ஒரு சோதனையில், இந்த நோயின் பிரியானைப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை நோய் அறிகுறி எதையும் காட்டவில்லை. ஆனா பலவற்றின் உடலில் பிரியான் இருந்தது. காட்டிலும் அப்படியே நடக்கும்னு இதை வைத்துச் சொல்லிட முடியாது. ஆனா கவலைப்படக் காரணம் இருக்கு. மெலிவு நோய் வந்த மான் செத்த இடத்திலேயே கிடந்தாலும், அதைத் தின்னும் பன்றி கிலோமீட்டர் கணக்கில் நடக்கும்.

2024 மே மாதம் கலிஃபோர்னியாவில் முதல்முறையாக இந்த நோய் இரண்டு மான்களில் உறுதியானது. இப்போ நிலைமையைப் பாருங்க. ஒரே மாநிலம். காண்டாருக்காகக் குவியலை விட்டு வைக்கணும். நோய்க்காக எடுத்துட்டுப் போகணும். நடுவில், மூர் விளையாட்டாகக் கொண்டுவந்த பன்றியின் வாரிசுகள்.

இதுக்கு எல்லா இடத்துக்கும் பொருந்துற ஒரே விதி கிடையாது. காண்டார் பறக்கிற மலையில் ஒரு பதில், நோய் கண்ட மாவட்டத்தில் இன்னொரு பதில். ஒவ்வொரு முறையும் மாறியது குவியல் இல்லை. அதுக்குள்ள நாம சேர்த்ததும், அதைத் தின்ன நாம கூட்டிட்டு வந்த ஆளும்தான். "இயற்கை பார்த்துக்கும்" என்று சொல்லணும்னா, அந்த இயற்கையில் நாம எதையெல்லாம் மாத்தி வெச்சிருக்கோம்னு முதல்ல ஒரு லிஸ்ட் போடணும். நூறு வருஷம் முன்னாடி வேலி போட்ட ஒருத்தரும் அந்த லிஸ்ட்டைப் போடல.

எபிசோட் பிடிச்சிருந்தா, வேட்டைன்னா வெறும் துப்பாக்கிதான்னு நினைக்கிற ஒரு நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.