பதினாறும் நாற்பத்தாறும்

சின்னப் பையன் ஒருவன் நன்றாக ஆடுகிறான் என்றால் பெரியவர்கள் நாம் இரண்டில் ஒன்றைச் சொல்வோம். "இளங்கன்று பயமறியாது, ஜெயித்துவிடுவான்" என்பது ஒன்று. "அனுபவம் போதாது, பெரிய போட்டியில் திணறிவிடுவான்" என்பது மற்றொன்று. எது சரி என்று பார்க்க பூல் விளையாட்டின் சரித்திரத்தில் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது.

பூல் என்றதும் நீச்சல் குளம் என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைத் துணி விரித்த மேஜையில் நீண்ட கோலால் பந்தைத் தட்டி ஆடும் ஆட்டம். இதன் உறவுக்கார ஆட்டமான ஸ்னூக்கருக்கு 1882இல் விதிகள் எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில்தான். நமக்கெல்லாம் கேரம் தெரியும். கேரமில் ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு முறையும் நம் கோட்டுக்கே எடுத்து வந்து வைத்துக்கொள்ளலாம். பூலில் அந்தச் சலுகை கிடையாது. வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றதோ அங்கிருந்தேதான் அடுத்த அடி. ஆகவே பந்தை பாக்கெட்டில் தள்ளுவது பாதி வேலை. வெள்ளைப் பந்தை அடுத்த அடிக்கு வசதியாக நிறுத்துவது மீதி வேலை.

இதில் 'ஒன்பது பந்து' என்றொரு வகை. மேஜையில் இருப்பவற்றுள் மிகச் சிறிய எண் கொண்ட பந்தைத்தான் முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறையாக உள்ளே தள்ளியவருக்கு அந்த ஆட்டம். பந்தைப் போட வழியில்லை என்றால், வெள்ளைப் பந்தை வேறொரு பந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்து எதிராளியைத் தவிக்கவிடலாம். அனுபவசாலிகளின் சொத்து இந்த வித்தைதான்.

2005ஆம் ஆண்டு உலகப் போட்டி தைவானின் காவோசியுங் நகரில் நடந்தது. இறுதி ஆட்டத்துக்கு வந்த இருவருமே தைவான்காரர்கள். ஒருவர் வூ சியா-சிங், வயது 16. மற்றவர் வயதில் மூத்த குவோ போ-செங். முதலில் 17 ஆட்டம் எடுப்பவருக்குப் பட்டம். ஒரு கட்டத்தில் குவோ 16, வூ 12. குவோவுக்கு இன்னும் ஒரே ஒரு ஆட்டம் போதும். பையனுக்கோ வரிசையாக ஐந்து வேண்டும். அந்த ஐந்தையும் அவன் எடுத்தான். 17க்கு 16. அந்தப் பட்டத்தை வென்றவர்களில் மிக இளையவன் அவன்தான்.

அதிர்ஷ்டம் என்று சொல்லலாமா? ஏழு ஆட்டப் பந்தயமாக இருந்தால் சொல்லலாம். குறுகிய பந்தயத்தில் ஒன்றிரண்டு பந்து தானாக விழுந்தாலே முடிவு மாறிவிடும். பந்தயம் நீள நீள அதிர்ஷ்டம் இரு பக்கமும் சமமாகிவிடும். தவிர, அதே ஆண்டில் 'எட்டுப் பந்து' உலகப் பட்டத்தையும் வூ வென்றான். வேறு விதி, வேறு கணக்கு. இரண்டிலும் வென்றவனை அதிர்ஷ்டக்காரன் என்று ஒதுக்க முடியாது.

அப்படியானால் இளமைக்குத்தான் வெற்றி என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ஐந்து வருடம் கழித்து, 2010இல், கத்தார் நாட்டு தோகாவில் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் அதே குவோ போ-செங். எதிரே பிலிப்பைன்ஸின் பிரான்சிஸ்கோ புஸ்தமாந்தே, வயது 46. இவர் 2002இல் கார்டிஃப் நகரில் இதே பட்டத்தின் இறுதிக்கு வந்தவர். அந்தப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஊரில் அவருடைய கைக்குழந்தை இறந்துபோன செய்தி வந்தது. அந்தத் துக்கத்தோடு ஆடி, அமெரிக்கரான ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்டிடம் 15க்கு 17 என்று தோற்றார். எட்டு வருடம் காத்திருந்து, தோகாவில் 13க்கு 7 என்று குவோவை வென்று பட்டத்தைக் கையில் வாங்கினார்.

ஆக, ஒரே மனிதர் ஒரு தடவை 16 வயதுப் பையனிடமும், மறு தடவை 46 வயதுக்காரரிடமும் உலகப் பட்டத்தை இழந்திருக்கிறார். வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு குவோவின் கதை ஒன்றே போதும்.

பின் எதை வைத்து மதிப்பிடுவது? என் எண்ணத்தில் மூன்று கேள்விகள் உண்டு. பந்தயம் எவ்வளவு நீளம்? போட வழியில்லாத பந்து வரும்போது பையன் வீம்புக்கு அடிக்கிறானா, ஒளித்து வைக்கத் தெரிந்திருக்கிறதா? எதிராளி தொடர்ந்து ஆடும்போது, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தைத் தாங்குகிறானா? மூன்றாவதுதான் கடினம். பூலில் எதிராளி தவறும் வரை நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. 12க்கு 16 என்ற நிலையிலும் உடைந்துபோகாத மனம் சிலருக்குப் பதினாறிலேயே வாய்க்கிறது. சிலருக்கு வாழ்க்கை அடித்து அடித்துக் கற்றுத் தருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வூ பிறகும் பல போட்டிகளில் ஆடி வென்றிருக்கிறார். ஆனால் ஒன்பது பந்து உலகப் பட்டம் அவருக்கு மறுபடி கிடைக்கவில்லை. பதினாறில் ஜெயித்தவன் வருடா வருடம் ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும், நாற்பத்தாறில் இன்னும் ஜெயிக்காதவரை முடிந்துபோனவர் என்று ஒதுக்குவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதும் சரி, நம்மைப் பற்றி நாமே பேசிக்கொள்ளும்போதும் சரி, இது நினைவில் இருக்கட்டும்.