அலிப்பூர் ஆவியும் காணாமற்போன பேழையும்

பழம்பெருங் கட்டடமுள்ள கல்லூரி வளாகத்தில் காதற்கதையும் பேய்க்கதையும் கைகோத்து வளர்வது இயல்பு. கொல்கத்தா அலிப்பூரில் மகளிர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி விளங்கும் ஹேஸ்டிங்ஸ் மாளிகையும் அத்தகையதே. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வாழ்ந்த இல்லம் அது. நள்ளிரவில் அவர் நான்கு குதிரை பூட்டிய வண்டியில் வந்திறங்கி, அறை அறையாக எதையோ தேடுகிறார் என்பது வழிவழியாக வழங்கும் கதை.

ஆவி உண்டா, இல்லையா என்னும் வழக்கிற்கு நாம் இங்கே தீர்ப்புக் கூறவில்லை. அது தேடும் பொருள் யாது என்பதே நம் வினா. இதற்கு வரலாறு விடை தருகிறது. 1785இல் ஹேஸ்டிங்ஸ் இந்தியாவை விட்டு நீங்கியபோது, அவருடைய கருமரப் பேழை ஒன்று காணாமற்போயிற்று. தனிப்பட்ட தாள்களும் இரண்டு சிற்றோவியங்களும் அதில் இருந்தன. துப்புத் தருவோர்க்கு 2,000 சிக்கா ரூபாய் அளிப்பதாக, 1787இல் ‘கல்கத்தா கெசட்’ இதழில் விளம்பரம் வெளிவந்தது.

அவ்விளம்பரம் குறிப்பிடும் வீடு அலிப்பூரில் இல்லை, எஸ்பிளனேடில் இருந்தது. ஆயினும் கதை அவரை அலிப்பூருக்கே அழைத்து வருகிறது. அவர் மனையாளோடு மகிழ்ந்திருந்த இடம் அலிப்பூர் என்பதே காரணம் என நாம் கருதுகிறோம்.

அக்காதலின் தொடக்கம் நமக்கு அயலானதன்று. 1769இல் சென்னைக்கு வந்த கப்பலில் ஹேஸ்டிங்ஸ் நோயுற்றார். உடன் பயணம் செய்த ஜெர்மானிய ஓவியர் இம்ஹாபின் மனைவி மரியன் அவரைப் பேணினார். அந்நட்பு சென்னையில் முதிர்ந்தது. மணவிலக்குக்குப் பின், 1777இல் கொல்கத்தாவில் திருமணமாகக் கனிந்தது. 1784இல் மரியன் முன்னரே தாயகம் திரும்ப, ஹேஸ்டிங்ஸ் ஓராண்டு தனித்திருந்தார். பிரிந்தவர் ஏக்கமும் இழந்த பேழையும் ஒன்றுகூடி ஓர் ஆவியாயின போலும்!

அலிப்பூரின் பெல்வெடர் வளாகத்தில் 1953 முதல் இயங்கும் தேசிய நூலகத்தைப் பற்றியும் பேய்க்கதைகள் பல உண்டு. 2010இல் அங்கே வாயிலற்ற அறை ஒன்று தென்பட்டதாகச் செய்தி பரவியது. புதையல் என்றனர் சிலர். எலும்புக்கூடு என்றனர் சிலர். ஆராய்ந்தபோது கிடைத்தது அடித்தளத்தை வலுப்படுத்த நிரப்பிய மண்ணே. மெய்யான புதையலோ மறைவின்றி அலமாரிகளில் இருக்கிறது. பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை அரிதிற் சேர்த்த நூல்கள் அந்நூலகத்தின் உடைமையாகி, தமிழாய்வோர்க்குப் பயன்படுகின்றன.

தாள் தொலைந்த இடத்தில் ஆவி உலவுகிறது. தாள் காக்கப்பட்ட இடத்தில் அறிவு வளர்கிறது. ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களிலும் பழம்பெட்டிகள் உண்டு. தாத்தாவின் கடிதங்களும், திருமண அழைப்பிதழ்களும், பெயர் எழுதப்படாத நிழற்படங்களும் அவற்றில் உறங்குகின்றன. பெயரறிந்த பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே, படத்தின் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைப்போமாக.