நிறங்களின் பெயரில் நின்ற எண்கள்

தெரியாத ஒன்றைக் கணக்கிட முதலில் அதற்கொரு பெயர் வேண்டும் என்பது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் பெயரே இடாமலும் கணக்குத் தீர்க்கலாம். இந்தியக் கணித மரபில் இவ்விரு வழிகளும் அருகருகே வாழ்ந்தன. அவற்றை ஒப்பிட்டால், பெயரிடுதல் கணிதத்துக்கு என்ன தந்தது என்பது விளங்கும்.

பெயரிடாத வழிக்கு, ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், சமண அறிஞர் மகாவீராசாரியர் இயற்றிய கணிதசாரசங்கிரகம் சான்று. இந்நூலை எம். ரங்காச்சாரியா ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் பதிப்பித்தார். அதில் ஒரு கணக்கு: 9 நார்த்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107, 7 நார்த்தம்பழமும் 9 விளாம்பழமும் சேர்ந்து விலை 101. ஒவ்வொன்றின் விலை என்ன?

மகாவீரர் தரும் விதி நேரடியானது. பெரிய விலையைப் பெரிய எண்ணிக்கையால் பெருக்கு. சிறிய விலையைச் சிறிய எண்ணிக்கையால் பெருக்கிக் கழி. எண்ணிக்கைகளின் வர்க்கங்களின் வேறுபாட்டால் வகு. அதாவது 963இலிருந்து 707 போக 256. அதை 32ஆல் வகுக்க 8. இது நார்த்தம்பழத்தின் விலை. பெருக்கும் எண்களை மாற்றிக்கொண்டால் விளாம்பழத்தின் விலை 5 கிடைக்கும். தெரியாத விலைக்கு இங்கே குறியீடு எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் 9உம் 7உம் இடம் மாறி வருவதால்தான் இவ்விதி செல்லுகிறது. இரண்டாம் வரியில் வேறு எண்கள் வந்தால் வேறு விதி வேண்டும்.

இவ்வரம்பைக் கடக்கும் வழி அதற்கும் முன்பே இருந்தது. பிரம்மகுப்தர் 628இல் எழுதிய பிராஹ்மஸ்புடசித்தாந்தத்தில் தெரியாத கணியங்களை 'வர்ணங்கள்' என்கிறார். முதல் வர்ணத்தை ஒரு பக்கத்தில் தனியாக நிறுத்தி, மற்றவற்றை மறுபக்கம் கொண்டுசென்று, முதலதன் கெழுவால் வகுக்க வேண்டும் என்பது அவர் விதி.

12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் பீஜகணிதத்தில் இம்முறையை விரித்துரைக்கிறார். முதல் கணியம் 'யாவத்தாவத்': 'எவ்வளவோ அவ்வளவு'. அளவு தெரியாமலே அளவைச் சுட்டும் அழகிய தொடர் இது. எனினும் இரண்டாவது கணியம் வந்தால் 'மற்றோர் எவ்வளவோ அவ்வளவு' என்று சொல்லி வேறுபடுத்த இயலாது. எனவே அடுத்தடுத்தவை நிறங்களாகின்றன: காலகம் (கருமை), நீலகம் (நீலம்), பீதகம் (மஞ்சள்), லோகிதகம் (சிவப்பு). எழுதும்போது முதலசை மட்டும் போதும். வர்ணம் என்ற சொல்லுக்கு நிறம், எழுத்து என இரு பொருளும் உண்டு என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

அந்நூலின் ஒரு கணக்கில் நால்வருக்கும் செல்வம் சமம். அவர்களிடம் முறையே குதிரைகள் 5, 3, 6, 8. ஒட்டகங்கள் 2, 7, 4, 1. கோவேறு கழுதைகள் 8, 2, 1, 3. எருதுகள் 7, 1, 2, 1. ஒவ்வொரு விலங்கின் விலை என்ன? முதல்வனின் செல்வம் யா 5 கா 2 நீ 8 பீ 7 என்றாகும். ஈரிருவர் செல்வத்தைச் சமப்படுத்தி முதலில் யாவையும் பின்னர் காவையும் நீக்கினால், 4 நீலகம் 31 பீதகத்துக்குச் சமம் என்பதில் கணக்கு வந்து நிற்கும். நான்கு கணியங்களுக்கு மூன்று சமன்பாடுகளே உள்ளதால் விடை ஒன்றல்ல. முழு எண்களில் மிகச் சிறியது: குதிரை 85, ஒட்டகம் 76, கோவேறு கழுதை 31, எருது 4. ஒவ்வொருவர் செல்வமும் 853. இவ்விலைகளை இரட்டித்தாலும் மும்மடங்காக்கினாலும் கணக்குப் பொருந்தும்.

'உலகில் முதலில் கண்டவர் யார்' என்னும் வழக்கமான விவாதம் இங்கே அதிகம் உதவாது. பல கணியச் சமன்பாடுகளை இதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, கணிதக் கலையின் ஒன்பது அதிகாரங்கள் என்னும் சீன நூல் தீர்த்துக் காட்டியது. அங்கே எண்ணுகோல்கள் நிரல்களாக அடுக்கப்பட்டன. எது எந்தக் கணியம் என்பதைக் கோல் கிடந்த இடமே சொன்னது. சீனத்தில் இடம் செய்த வேலையை இந்தியாவில் பெயர் செய்தது. இதை அந்தந்த மொழியமைப்பின் விளைவாகக் கூறிவிடுவது அவசரம். இரு மரபும் உணர்ந்திருந்த தேவை ஒன்றே: தெரியாதவை எத்தனை ஆனாலும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது.

வாக்கியக் கணக்கில் தடுமாறும் மாணவர் பெரும்பாலும் கூட்டலிலோ கழித்தலிலோ தடுமாறுவதில்லை; எதற்கு எந்தப் பெயர் என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறார். எக்ஸ், ஒய் என்று தொடங்கும் முன் குதிரைக்கு ஒரு நிறம், ஒட்டகத்துக்கு ஒரு நிறம் எனப் பிரித்துக் காட்டும் ஆசிரியர், கணக்கின் கடினமான பாதியை அங்கேயே கடக்க உதவிவிடுகிறார்.