பையுடன் ஓடி வருபவர்

கால்பந்தாட்டம் பார்க்கும்போது நீங்கள் கவனித்திருப்பீர்கள். வீரர் ஒருவர் விழுந்து, எழ முடியாமல் கிடக்கிறார். நடுவர் கையை அசைக்கிறார். உடனே எல்லைக்கோட்டுக்கு வெளியேயிருந்து ஒருவர் சிறு பையுடன் ஓடி வருகிறார். முழங்காலிட்டு அமர்ந்து, அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்து, ஏதோ கேட்கிறார். இவர் மருத்துவரா? பல சமயங்களில் அல்ல. ஆட்டம் கற்றுக்கொடுக்கும் ஆசானா? அதுவும் அல்ல. இருவருக்கும் நடுவே நிற்கும் மூன்றாமவர் இவர்.

தமிழில் 'பயிற்சியாளர்' என்ற ஒரே சொல்லை எல்லோருக்கும் வைத்து விட்டோம். அமெரிக்காவில் ஆட்டம் சொல்லித் தருபவர் 'கோச்'. வீரரின் உடலைக் காப்பவர் 'டிரெயினர்'. நம் நாட்டில் இப்பணியின் பெரும்பகுதியை ஃபிசியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்முறை மருத்துவர் செய்கிறார். இக்கட்டுரையில் 'டிரெயினர்' என்ற சொல்லையே கையாள்வோம். இவருக்கும் மருத்துவருக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வந்திருக்கிறது. அந்த வழக்கில் உயிர்களும் போயிருக்கின்றன.

பண்டைய கிரேக்கத்தில் உடற்பயிற்சிக் கூடங்களில் பலவகை ஆசான்கள் இருந்தார்கள். சிறுவர்களுக்கு மற்போர் கற்பித்தவர், போட்டி வீரர்களைத் தயார் செய்தவர், உடம்பில் எண்ணெய் தேய்த்து நீவி விட்டவர் எனத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. இவர்கள் நான்கு நாள் சுழற்சி முறை ஒன்றை வகுத்திருந்தார்கள். முதல் நாள் விரைவான சிறு பயிற்சிகள், இரண்டாம் நாள் முழு உழைப்பு, மூன்றாம் நாள் ஓய்வு, நான்காம் நாள் மிதமான பயிற்சி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கி. பி. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபிலோஸ்டிராட்டஸ் என்ற எழுத்தாளர் ஒரு சோகக் கதையைப் பதிவு செய்திருக்கிறார். கெரெனஸ் என்ற மற்போர் வீரர் ஒலிம்பியாவில் வென்றார். வெற்றிக் களிப்பில் நண்பர்களோடு உண்டு குடித்தார், தூக்கமும் கெட்டது. பயிற்சிக் கூடத்துக்கு வந்தபோது, செரிமானம் கெட்டு உடல் சரியில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆசானுக்குக் கோபம் வந்தது. சுழற்சி முறைப்படி அன்றைக்கு உரிய கடும் பயிற்சியைக் கொடுத்தே தீருவேன் என்று நின்றார். பயிற்சியின் நடுவிலேயே கெரெனஸ் இறந்து போனார்.

முறை தவறானதா? ஃபிலோஸ்டிராட்டஸ் அந்த முறையையே சாடுகிறார். எனக்குத் தோன்றுவது வேறு. எதிரே நிற்கும் உடல் சொன்னதை அந்த ஆசான் கேட்கவில்லை.

இனி, மருத்துவர் பக்கத்துக்கு வருவோம். இன்றைய துருக்கியில் உள்ள பெர்காமம் நகரில் 129ஆம் ஆண்டு பிறந்தவர் காலென். 157இல் அவ்வூரின் கிளாடியேட்டர்களுக்கு, அதாவது வாளேந்திப் பொருதும் அரங்க வீரர்களுக்கு, மருத்துவரானார். திராட்சை மதுவில் நனைத்த துணியால் காயங்களை ஈரமாகவே வைத்திருந்தார். முன்பு பலர் மாண்ட இடத்தில் தம் காலத்தில் மாண்டவர் மிகச் சிலரே என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். தம்மைப் புகழ்ந்து எழுதுவதில் அவருக்குக் கூச்சம் கிடையாது!

இந்தக் காலெனுக்கே ஒரு நாள் அடிபட்டது. 35ஆம் வயதில் மற்போர்க் கூடத்தில் பயிற்சி செய்தபோது தோளில் காயம். காறை எலும்பின் நுனி, தோள்பட்டை எலும்பிலிருந்து பிரிந்து விட்டது. அங்கிருந்த பயிற்சி ஆசான், புய எலும்பின் தலை குழியை விட்டு நழுவி விட்டது என்று எண்ணிக் கையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். காலென் தம் அக்குளில் விரல்களை வைத்துப் பார்த்தார். எலும்பு நழுவியிருந்தால் அதன் தலை அங்கே தட்டுப்பட வேண்டும், தட்டுப்படவில்லை. உடனே இழுப்பதை நிறுத்தச் சொன்னார். வலி தாங்காமல்தான் தடுக்கிறார் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்களாம். பிறகு இறுகக் கட்டுப் போட்டு, வெந்நெய் விட்டு, ஏறத்தாழ 40 நாளில் குணமடைந்தார்.

ஆசான் மீது முழுப் பழியும் போடுவதற்கில்லை. வெளியே பார்த்தால் இரண்டு காயங்களும் ஒன்றுபோல் தோன்றும். இரண்டிலும் தோள் உருக்குலைந்திருக்கும். ஒன்றுக்கு இழுப்பது மருந்து, மற்றதற்கு இழுப்பதே கேடு. நம் ஊர்களில் சுளுக்கு எடுப்பதிலும் இதே சிக்கல் உண்டு. கணுக்கால் பிசகிய உடனே எண்ணெய் விட்டு அழுத்தி நீவினால், கிழிந்த நுண்குழாய்களிலிருந்து இரத்தம் மேலும் கசிந்து வீக்கம் பெருகும். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

காலென் சும்மா இருக்கவில்லை. உடல் நலம் என்பது மருத்துவத்தைச் சேர்ந்ததா, உடற்பயிற்சிக் கலையைச் சேர்ந்ததா என்று தனி நூலே எழுதி, ஆசான்களை மருத்துவருக்குக் கீழே நிறுத்தினார். ஆனால் வீரரோடு நாள் முழுதும் இருப்பவர் யார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

அந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது அமெரிக்காவில். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1881இல் ஜேம்ஸ் ராபின்சன் என்பவரைத் தன் கால்பந்து அணியின் உடல் தகுதியைக் கவனிக்க அமர்த்தியது. அக்காலத்து டிரெயினர்களில் பலர் தைலம் தேய்ப்பவர்களே. பண்டைய எண்ணெய் ஆசானின் வாரிசுகள் எனலாம். அமெரிக்கக் கால்பந்தோ மோதி வீழ்த்தும் முரட்டு ஆட்டம். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் சுமார் 18 பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் கணக்கிட்டன. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. அதே பருவத்தில் ஹார்வர்டு அணியைக் கவனித்த நிக்கல்ஸ், ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் 145 காயங்களைக் குறித்து வைத்தார்கள். அவற்றில் 19 மூளை அதிர்ச்சிகள். மூளை அதிர்ச்சி நேராத ஆட்டங்கள் அந்தப் பருவம் முழுவதிலும் இரண்டே இரண்டு!

இதற்குப் பின் டிரெயினர் தொழில் மெல்லப் படிப்பு சார்ந்ததாக மாறியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றுகொண்டே அணியில் பணியாற்றிய பிலிக், 1917இல் டிரெயினர்களுக்கென ஒரு பாடநூல் வெளியிட்டார். 1950இல் கன்சாஸ் நகரில் தேசியச் சங்கம் அமைந்தது. 1970இல் தகுதித் தேர்வு வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனைத் துணை மருத்துவத் தொழிலாக ஏற்றது 1990இல்தான். காலென் தொடங்கிய வழக்கில் சமரசம் ஏற்பட இத்தனை காலம்!

சமரசத்தின் விதி இதுதான்: நோயைத் தீர்மானிப்பதும் அறுவை செய்வதும் மருத்துவர் வேலை, முதல் நிமிடங்களும், பிறகு வரும் நீண்ட மாதங்களும் டிரெயினர் வேலை. முதல் நிமிடங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வெப்பத் தாக்கே சான்று. 2001 ஜூலை 31இல் மினசோட்டா அணியின் கோரி ஸ்டிரிங்கர் கடும் வெயிலில் பயிற்சி செய்து மயங்கினார். மருத்துவமனையை அடைந்தபோது உடல் வெப்பம் 42 டிகிரி செல்சியசைத் தாண்டியிருந்தது, மறுநாள் இறந்தார். இத்தகைய வீரரை ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு முன்பே குளிர்நீர்த் தொட்டியில் அமிழ்த்தி, அரை மணிக்குள் வெப்பத்தைத் தணிக்க வேண்டும் என்பதே இன்றைய விதி.

மூளை அதிர்ச்சியோ இன்னும் தந்திரமானது. 2019 ஆகஸ்ட் 17 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதித்தார்கள், தேறினார். திரும்ப வந்து ஆடி 92 ஓட்டங்கள் எடுத்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. உடனே விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக இறங்கிய லபுஷேன், அந்த மாதமே நடைமுறைக்கு வந்திருந்த விதிப்படி முதல் மூளை அதிர்ச்சி மாற்று வீரரானார். அதனால்தான் சோதனை ஒரு முறையோடு முடிவதில்லை. வீரர் வழக்கமாக எப்படிப் பேசுவார், எப்படி நடப்பார் என்று நாள்தோறும் கண்டவருக்கே சிறு மாறுதலும் புலப்படும்.

2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் டேமர் ஹாம்லின் என்ற 24 வயது வீரர், எதிரணியினரை மறித்து எழுந்த மறுகணமே சாய்ந்தார். மார்பில் பட்ட அடியால் இதயம் நின்று விட்டது. அவரது மார்பை அழுத்தி உயிர்மீட்பு முதலுதவி செய்தவர் டென்னி கெல்லிங்டன் என்ற துணை டிரெயினர். மருத்துவர்கள் உடன் சேர்ந்தார்கள். மின் அதிர்வுக் கருவி வந்தது. பிறகே ஆம்புலன்ஸ் புறப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹாம்லின் மீண்டும் ஆடுகளத்தில் இறங்கினார்.