இரவிகுளம் புல்வெளி தப்பிய கதை

கேரளத்தின் பொன்முடியிலோ இரவிகுளத்திலோ மரமில்லாத மலையுச்சியைப் பார்ப்பவர், காட்டை யாரோ வெட்டிவிட்டார்கள் என்றே நினைப்பார். இதே போன்ற புல்வெளியுள்ள நீலகிரியின் சதுப்பு மண்ணின் கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு புல் செழித்திருந்தது. மலையாடான வரையாட்டுக்கு இந்தப் புல்வெளியே வாழிடம். ஆனால் வருவாய்க் கணக்குக்கு அது தரிசு. 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தபின், பெரும்பரப்பு தேயிலையானது. விறகுக்கு யூகலிப்டஸும் வந்தது.

அந்த மலைகளிலேயே உள்ள இரவிகுளத்தைக் காத்தவர்கள் அந்தத் தோட்டத் துரைமார்களே என்பார்கள். பாதி உண்மை. வேட்டைக்காக ஒதுக்கியதால் அங்கே தேயிலை ஏறவில்லை, சரிதான். ஆனால் காவல் சுற்றியவர்கள் முதுவர் பழங்குடியினர்; அவர்கள் பெயர் பாராட்டுகளில் அரிதாகவே வரும். தவிர, துரைமார் தயவு சட்டமல்ல. திருவனந்தபுரத்தில் கேரளச் சட்டமன்றம் 1971-இல் கண்ணன் தேவன் மலைநிலங்களை மீட்கும் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அதன் நோக்கமும் வரையாடு அல்ல, நிலச் சீர்திருத்தம். மீட்ட நிலத்தைப் பங்கிட்டிருந்தால் புல்வெளி போயிருக்கும். 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகே அந்த 97 சதுர கிலோமீட்டருக்குச் சட்டக் காவல் கிடைத்தது.